கேட்காத வசனம், கலங்கிய படம்: 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்' மேல் ஓர் அரை நூற்றாண்டு வழக்கு

1971 ஜூன் மாதக் கடைசியில் நியூயார்க்கில் ராபர்ட் ஆல்ட்மனின் 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்' வெளியானபோது அதன் மேல் இரண்டு புகார்கள் உடனே எழுந்தன. பேசுவது காதில் விழவில்லை. படம் கண்ணுக்குத் தெளியவில்லை. ஒரு திரைப்படத்தின் மேல் இதைவிட அடிப்படையான புகாரை யாராலும் வைக்க முடியாது. அதே படத்தை 2008-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தலைசிறந்த வெஸ்டர்ன் படங்களின் பட்டியலில் எட்டாவதாக வைத்தது. 2010-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. படம் மாறவில்லை. வசனம் இன்றும் முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது, பிம்பம் இன்றும் பழுப்பேறித்தான் கிடக்கிறது. மாறியவர்கள் பார்த்தவர்கள். எப்படி மாறினார்கள், எதில் மாறவில்லை, இன்று எதைக் குறையாகச் சொல்கிறார்கள் என்று வரிசையாகப் பார்த்தால், இந்தப் படத்தை வெறுத்தவர்களும் நேசித்தவர்களும் பெரும்பாலும் ஒரே விஷயங்களைத்தான் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

கதை சிறியது. 1902-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், துத்தநாகச் சுரங்கத்தை நம்பி முளைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊர். அதன் பெயர் பிரெஸ்பிட்டேரியன் சர்ச். மழையில் குதிரையேறி ஒரு சூதாடி வருகிறான். அவன்தான் மெக்கேப், வாரன் பீட்டி. யாரோ ஒருவனைச் சுட்டுக் கொன்ற பெரிய துப்பாக்கிக்காரன் என்று ஊர் தானாகவே ஒரு கதை கட்டிக்கொள்கிறது, அவன் மறுப்பதில்லை. மூன்று பெண்களை விலைக்கு வாங்கிவந்து கூடாரத்தில் தொழில் நடத்துகிறான். பிறகு மிஸஸ் மில்லர் வருகிறாள்; ஜூலி கிறிஸ்டி. இந்தத் தொழிலை எப்படி நடத்த வேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். வியாபாரம் தழைக்கிறது. பெரிய சுரங்கக் கம்பெனி அவன் சொத்தை விலைக்குக் கேட்கிறது. பேரம் பேசத் தெரியாமல் பேசி மறுக்கிறான். கம்பெனி மூன்று கொலையாளிகளை அனுப்புகிறது. பனியில் முடிகிறது.

எட்மண்ட் நாட்டன் 1959-இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்த கதை இது. எல்லோருக்கும் தெரிந்த கதையாக இருந்ததால்தான் இதைத் தேர்ந்தெடுத்ததாக ஆல்ட்மன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சூதாடி, விலைமகள், மூன்று கொலைகாரர்கள் எல்லாம் ரசிகனுக்கு மனப்பாடம். எனவே கதையை அதன் போக்கில் விட்டுவிட்டு ஓரங்களில் வேலை செய்யலாம் என்பது அவர் கணக்கு. அந்த ஓரங்களைப் பார்ப்பதற்காக வரும் ரசிகர் எத்தனை பேர் என்பதுதான் 1971-இல் விடை தெரியாமல் இருந்தது.

அன்றைய ரசிகர் மரபு மீறலுக்குப் புதியவர் என்று சொல்லவும் முடியாது. 1969-இல் 'தி வைல்ட் பன்ச்' வந்து ரத்தத்தைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. 1970-இல் 'லிட்டில் பிக் மேன்', 'சோல்ஜர் ப்ளூ' இரண்டும் குதிரைப்படையைக் கொலைகாரர்களாகக் காட்டின. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். திரையில் பூர்வகுடிகள் சாகும்போது பார்வையாளர் மனத்தில் எந்த ஊர் வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. மறுபக்கம் 'ட்ரூ கிரிட்' படத்துக்காக ஜான் வெய்னுக்கு 1970-இல்தான் ஆஸ்கர் கிடைத்தது. பழையதும் புதியதும் ஒரே கொட்டகையில் மாறி மாறி ஓடின. ஆனால் அந்தப் புதிய படங்களில்கூட நாயகன் திறமைசாலி. நல்லவன் கெட்டவன் இடம் மாறினார்களே தவிர, குதிரை ஓட்டமும் துப்பாக்கிச் சாமர்த்தியமும் அப்படியே இருந்தன. ஆல்ட்மன் கை வைத்தது அந்தச் சாமர்த்தியத்தின் மேல். மெக்கேப்புக்குக் கணக்கு வராது. பேச்சு வராது. தனியாக இருக்கும்போது தனக்குள்ளேயே புலம்பிக்கொள்வான். தனக்குள்ளும் கவிதை இருக்கிறது என்று அவன் சொல்லிக்கொள்வது யார் காதிலும் விழுவதில்லை. மொடாக்குடி. ஒரு நட்சத்திரம் இப்படி வந்து நிற்பதைப் பார்த்த பலருக்குப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

முதலில் ஒலி. மதுக்கடைக் காட்சியில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். யாரோ தாடியை மழிக்கலாமா என்று கேட்கிறான், யாரோ சீட்டு போடுகிறான், யாரோ மெக்கேப்பைப் பற்றிக் கிசுகிசுக்கிறான். எது முக்கியமான வசனம் என்று படம் அடையாளம் காட்டுவதில்லை. நமக்குக் கிடைப்பது ஒரு சொல், அரைச் சொல், ஒரு சிரிப்பு. நாயகனே எரிச்சலடைந்த விஷயம் இது. ஒலியைத் திருத்தச் சொல்லி பீட்டி ஆல்ட்மனோடு மல்லுக்கு நின்றது திரையுலக வரலாற்றில் பதிவான சண்டை. ஆல்ட்மன் அசையவில்லை. கூட்டம் நிறைந்த அறைக்குள் புதிதாக நுழைகிறவனுக்கு எல்லாப் பேச்சும் முழுசாகக் கேட்குமா என்பது அவர் பக்கத்து நியாயம்.

இந்த நியாயத்தை நான் ஏற்கிறேன், ஆனால் முழுவதுமாக இல்லை. முதல் இருபது நிமிடத்தில் சில இடங்களில் கேட்டே ஆக வேண்டிய சொற்களும் அமுங்கிப்போகின்றன. அதை வேண்டுமென்றே செய்த கலை என்று சொல்லிச் சமாளிப்பது ரசிக பக்தி. அன்று எரிச்சலோடு எழுந்து போனவர்களைக் காது கேளாதவர்கள் என்று கேலி செய்வது சரியல்ல. ஆனால் அந்த ஒலியமைப்பு கதைக்குள் செய்யும் வேலையையும் கவனிக்க வேண்டும். மெக்கேப் பெரிய துப்பாக்கிக்காரன் என்ற வதந்தி பிறப்பதே இந்த இரைச்சலில்தான். ஒருவன் சொல்கிறான், இன்னொருவன் அரைகுறையாகக் கேட்டு மூன்றாமவனுக்குச் சொல்கிறான். அந்த வதந்திதான் ஊரில் அவனுக்கு மரியாதை வாங்கித்தருகிறது. நாமும் அந்த ஊர்க்காரர்களைப் போலவே அரைகுறையாகக் கேட்டு அவனை நம்ப ஆரம்பிக்கிறோம். வசனம் தெளிவாக இருந்திருந்தால் இந்த மாயம் நடந்திருக்காது.

இன்றைய நிலைமை வேறு. வீட்டில் வட்டிலும் இணையத்திலும் பார்ப்பவர்கள் வசன எழுத்துகளை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். 1971-இல் தொலைந்த ஒவ்வொரு முணுமுணுப்பும் இப்போது திரையின் அடியில் அச்சாகி நிற்கிறது. ஒலியைப் பற்றிய புகார் குறைந்துபோனதற்கு ரசனை வளர்ந்ததைவிட இந்த வசதிக்கே பெரிய பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. மூலையில் எவனோ சொல்லும் வெட்டிப் பேச்சும் மிஸஸ் மில்லரின் ஒரு வாக்கியமும் ஒரே அளவு எழுத்தில் வரும்போது, நம் காது செய்ய வேண்டிய தேடலை எழுத்து செய்து முடித்துவிடுகிறது. முதல் முறை எழுத்து இல்லாமல் பார்ப்பது நல்லது. புரியாமல் போவது கொஞ்சம்தான்.

அடுத்தது பிம்பம். ஒளிப்பதிவாளர் வில்மோஸ் ஜிக்மண்ட் ஹங்கேரிக்காரர். 1956-இல் சோவியத் படைகள் புதாபெஸ்ட்டில் நுழைந்ததை நண்பர் லாஸ்லோ கோவாக்ஸோடு சேர்ந்து படம்பிடித்து, அந்தச் சுருள்களோடு நாட்டைவிட்டுத் தப்பி வந்தவர். இந்தப் படத்துக்கு அவர் செய்தது ஒரு துணிச்சலான காரியம். எடுத்த நெகட்டிவைக் கழுவுவதற்கு முன்பே அதன் மேல் அளந்து கொஞ்சம் வெளிச்சத்தைக் காட்டிவிட்டார். ஃப்ளாஷிங் என்று தொழிலில் சொல்வார்கள். கறுப்பு தன் அடர்த்தியை இழந்து சாம்பலாகிறது, நிறங்கள் வெளுக்கின்றன, படம் முழுக்கப் பழைய புகைப்படத்தின் மங்கல் ஏறுகிறது. லென்ஸுக்கு முன் மூடுபனி ஃபில்டர் வேறு. நெகட்டிவிலேயே செய்துவிட்டதால் பின்னால் ஸ்டுடியோ நினைத்தாலும் பளிச்சென்று மாற்ற முடியாது; அந்த எண்ணமும் ஆல்ட்மனுக்கும் ஜிக்மண்டுக்கும் இருந்தது. வெஸ்டர்ன் என்றால் நீல வானமும் செம்மண் பாறையும் என்று பழகியவர்கள் முன் சேறும் ஈர மரமும் விளக்குப் புகையும் வந்து நின்றன.

'நியூயார்க் டைம்ஸ்' இதழில் வின்சென்ட் கேன்பி இதைத்தான் குறையாக எழுதினார். களைத்துப்போன குறியீடுகள், கதைக்கு உரை சொல்லும் பாடல்கள், தத்துவம் பேச முயலும் ஒளிப்பதிவு ஆகியவை படத்தின் மேல் வலிந்து ஏற்றப்பட்டிருக்கின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் கண்டதில் தவறில்லை. லெனார்ட் கோஹனின் பாடல்கள் 1967-இல் வந்த இசைத்தட்டிலிருந்து எடுத்தவை. இந்தக் கதைக்காக எழுதியவை அல்ல. 1902-இல் நடக்கும் கதைக்குள் 1960-களின் கிட்டார் ஒலிப்பது உறுத்தத்தான் செய்யும். உறுத்தியவர்களை உறுத்தியது, மயங்கியவர்களை அதே மயக்கியது.

எதிர்ப்பக்கத்தில் 'நியூயார்க்கர்' இதழின் பாலின் கேல். அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் வந்த அவருடைய கட்டுரை இந்தப் படத்தின் வாழ்வை நீட்டித்தது என்றே சொல்லலாம். எழுதியதோடு நிற்காமல் டிக் காவெட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் போய், போய்ப் பாருங்கள் என்று மக்களிடம் வேண்டினார். அவர் படத்தைப் புகழ்ந்த அளவுக்கு ரசிகரைப் பற்றியும் கவலைப்பட்டார். மென்மையாகச் சொல்லும், தேடித் தேடிப் போகும் ஒரு படத்தை ஏற்கப் போதுமான கூட்டம் இந்நாட்டில் இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. உடனே வந்த விடை சாதகமாக இல்லை. படம் பெரிதாக ஓடவில்லை. ஜூலி கிறிஸ்டிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது 'க்ளூட்' படத்துக்காக ஜேன் ஃபோண்டாவுக்குப் போனது. இன்னொரு முக்கியக் குரல் ரோஜர் ஈபர்ட். அவர் ஆரம்பத்திலேயே படத்தை ஏற்றவர். 1999-இல் மறுபடி எழுதியபோது, ஆல்ட்மன் எடுத்த படங்களுள் குறையே இல்லாத படம் இது ஒன்றுதான் என்ற அளவுக்குப் போனார்.

கருத்து மாறிய ஒருவரின் கதை எனக்கு இவர்கள் எல்லோரையும்விட முக்கியமாகப் படுகிறது. அவர் கோஹனேதான். பாடல்களுக்கு இடையில் சேர்க்க ஒரு கிட்டார் துணுக்கு வாசித்துத்தர வந்தவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார் ஆல்ட்மன். பிடிக்கவில்லை என்று கோஹன் நேராகவே சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து கொடுத்துவிட்டும் போனார். ஆல்ட்மன் மனமுடைந்துபோனார். வெகுநாள் கழித்து கோஹனிடமிருந்து தொலைபேசி வந்தது: படத்தை மறுபடி பார்த்தேன், மிகவும் பிடித்திருக்கிறது. ஆல்ட்மன் இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். தன் குரலே படத்தின் குரலாக இருந்தும் முதல் முறை உள்ளே போக முடியாத ஒருவர், இரண்டாம் முறை போனார். இந்தப் படத்தின் ரசிகர்களில் பெரும்பாலோர் வந்த வழி அதுதான். முதல் முறை பார்க்கும்போது கதை எங்கே போகிறது என்று தேடுகிறோம், படம் நழுவுகிறது. இரண்டாம் முறை கதை தெரியும் என்பதால் கண் ஓரங்களுக்குப் போகிறது.

ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு காட்சி. மிஸஸ் மில்லர் ஊருக்கு வந்த அன்று மதுக்கடையில் உட்கார்ந்து பொரித்த முட்டையும் குழம்பும் தேநீரும் வரவழைத்துச் சாப்பிடுகிறாள். எதிரில் மெக்கேப் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டு, பெரிய ஆள் போல் காட்டிக்கொள்ளத் தவிக்கிறான். அவள் நிமிர்வதில்லை. நாள் கணக்கில் பயணம் செய்து பசித்தவள் எப்படிச் சாப்பிடுவாளோ அப்படி, கருவை உடைத்து, வாய் நிறையப் போட்டு மெல்கிறாள். மென்றுகொண்டே தொழில் பேசுகிறாள்: பெண்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வாய், அவர்களுக்குள் சண்டை வந்தால் யார் தீர்ப்பது, சுத்தத்தை யார் கவனிப்பது, கணக்கை யார் எழுதுவது. அவனிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. யார் முதலாளி என்பது தட்டு காலியாவதற்குள் முடிவாகிவிடுகிறது. நட்சத்திர நடிகை ஒருத்தி திரையில் இவ்வளவு பசியோடு சாப்பிட்டதை அதற்கு முன் ரசிகர்கள் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்? காதல் படம் என்று வந்தவர்களுக்கு இது ஏமாற்றம். இருவரும் சேர்ந்த பிறகும் ஒவ்வொரு முறையும் மெக்கேப் அவளுக்கு ஐந்து டாலர் எண்ணித்தான் வைக்கிறான்.

மெதுவாகப் போகிறது என்ற புகாரில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. மெதுவாகத்தான் போகிறது. ஊரே படப்பிடிப்போடு சேர்ந்து வளர்ந்தது. கனடாவில் மேற்கு வான்கூவர் பக்கம், வடிவமைப்பாளர் லியோன் எரிக்சன் தலைமையில் தச்சர்கள் அந்தக் காலத்து உடையில் நிஜமாகவே வீடுகளைக் கட்டிக்கொண்டிருக்க, ஆல்ட்மன் கதை வரிசைப்படியே எடுத்துப் போனார். தச்சர்களில் வியட்நாம் கட்டாயப் படைச்சேவைக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த அமெரிக்க இளைஞர்களும் இருந்தார்கள். முதல் பாகத்தில் எலும்புக்கூடாக நிற்கும் வீட்டுக்கு நடுவில் கூரை ஏறுகிறது, கடைசியில் அதன் மேல் பனி விழுகிறது. இதைப் பார்க்கப் பொறுமை இருப்பவருக்கு நேரம் போவது தெரியாது. இல்லாதவரை வற்புறுத்தி உட்கார வைக்க முடியாது.

வன்முறையைப் பற்றிய கருத்துகள் வேறு ரகம். அங்கே படத்தைப் பிடிக்காதவர்கள்கூட மறக்கவில்லை என்று சொல்லும் காட்சி ஒன்று உண்டு. கீத் கராடைன் நடித்த ஒரு வெகுளிப் பையன், கௌபாய், மிஸஸ் மில்லரின் விடுதிக்கு வந்து எல்லோர் அன்பையும் சம்பாதித்துவிட்டுக் கிளம்புகிறான். கடையில் காலுறை வாங்கத் தொங்குபாலத்தில் ஏறுகிறான். எதிரில் கொலையாளிகளில் இளையவன், மீசை முளைக்காத பையன். என்ன துப்பாக்கி வைத்திருக்கிறாய் என்கிறான். எனக்குச் சுடவே வராது என்று சிரிக்கிறான் கௌபாய். அப்படியானால் துப்பாக்கியில்தான் கோளாறு, காட்டு பார்ப்போம். காட்டுவதற்காக உறையிலிருந்து எடுக்கிறான். சுடப்படுகிறான். உடல் கீழே பனிநீரில் விழுந்து மிதக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அசையவில்லை. நேருக்கு நேர் நின்று சுடும் வெஸ்டர்ன் சடங்கை எத்தனையோ படங்கள் கேள்வி கேட்டிருக்கின்றன. இந்தக் காட்சியின் நேர்மையை எட்டியவை மிகச் சில.

முடிவில் மெக்கேப் மூன்று பேரையும் கொல்கிறான். மரபான படத்தில் இது வெற்றி. இங்கே அவன் ஒளிந்து ஒளிந்து ஓடுகிறான், முதுகில் சுடுகிறான், செத்தவன் போல் கிடந்து ஏமாற்றிச் சுடுகிறான். இது கோழைத்தனம் என்று அன்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு இதில்தான் அவன் மேல் மரியாதை பிறக்கிறது. பயந்த மனிதன் பயத்தோடேயே செய்ய வேண்டியதைச் செய்கிறான். இதே நேரத்தில் ஊர் முழுவதும் தேவாலயத்தில் பிடித்த தீயை அணைக்க ஓடுகிறது. 1952-இல் வந்த 'ஹை நூன்' படத்தில் மார்ஷல் தனியாக நிற்பதை ஊர் அறியும். அறிந்தே கதவைச் சாத்திக்கொள்ளும். இந்த ஊருக்கு ஒருவன் உயிருக்குப் போராடுவதே தெரியாது. யாரும் எட்டிப்பார்க்காத ஒரு தேவாலயத்தைக் காப்பாற்றிவிட்ட களிப்பில் அவர்கள் கூத்தாடும்போது, இந்த ஊரைக் கட்டியெழுப்பிய ஆள் பனிக்குவியலில் கிடக்கிறான். கேன்பி குறியீடு அதிகம் என்றது இந்த இடத்துக்கு ஓரளவு பொருந்தலாம். ஆனால் ஏறக்குறைய வசனமே இல்லாமல் நீளும் இந்தப் பகுதியில், ஒலியைக் குறை சொன்னவர்களுக்கும் பதில் இருக்கிறது.

ஒலி, ஒளி, வேகம், நாயகன் என்று 1971-இல் எழுந்த புகார்கள் அநேகமாகத் தேய்ந்துவிட்டன. ஆனால் பிற்காலப் பார்வையாளர்கள் வேறு இரண்டு கேள்விகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவை பழையவற்றைவிடக் கனமானவை. ஒன்று பெண்களைப் பற்றியது. மிஸஸ் மில்லரின் விடுதியைப் படம் பெண்கள் குளித்து, சிரித்து, பிறந்தநாள் கொண்டாடும் இதமான இடமாகக் காட்டுகிறது. மெக்கேப்பின் கூடாரங்களில் இருந்த அவலத்தோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம்தான். ஆயினும் விலைக்கு விற்கப்பட்டவர்களின் வாழ்க்கை மேல் அந்தப் பொன்னிற விளக்கொளி ஒரு பூச்சாகிவிடுகிறது என்ற விமர்சனத்தை எளிதில் தள்ள முடியாது. ஷெல்லி டுவால் நடித்த ஐடாவின் கதை இதற்குப் பாதிப் பதில். தபாலில் பேசி வரவழைக்கப்பட்ட மணமகள், கணவன் செத்ததும் விடுதிக்கு வருகிறாள். கல்யாணத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மிஸஸ் மில்லர் அவளுக்கு எடுத்துச் சொல்லும் பேச்சில் இனிப்பு எதுவும் இல்லை.

மற்றக் கேள்வி சீனர்களைப் பற்றியது. ஊருக்கு வெளியே ஒரு சீனர் குடியிருப்பு இருக்கிறது. சுரங்கம் அவர்கள் முதுகில் நடக்கிறது. கொலையாளிகளின் தலைவன் பட்லர் மதுக்கடையில் உட்கார்ந்து, வெடிமருந்தோடு ஒரு சீனத் தொழிலாளியைச் சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டால் சாவுக்குக் கம்பெனி கட்ட வேண்டிய அபராதம் எவ்வளவு அற்பம் என்று வியாபாரக் கணக்காக விளக்குகிறான். படத்திலேயே மிகக் கொடூரமான பேச்சு அதுதான். ஆல்ட்மன் அந்தக் கொடுமையை அறிந்திருந்தார், காட்டவும் செய்தார். ஆனால் யாரைப் பற்றிப் பேசப்படுகிறதோ அவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயரோ முகமோ படம் தருவதில்லை. மிஸஸ் மில்லர் அபினியைத் தேடிப் போய்ப் படுக்கும் இடமாக மட்டுமே அவர்கள் தெரு நமக்குத் திறக்கிறது. ஓரத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த படம், தன் ஓரத்திலேயே ஒரு மனிதக் கூட்டத்தைப் பார்க்காமல் விட்டது. இந்தப் படத்தை எவ்வளவு நேசித்தாலும் இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

இந்தக் கேள்விக்குக் கட்டுரையால் பதில் சொன்னவர்களைவிடப் படத்தால் பதில் சொன்னவர் முக்கியம். கெல்லி ரைக்கார்ட் 2019-இல் எடுத்த 'ஃபர்ஸ்ட் கவ்' அதே வடமேற்கு மூலையில், 1820-களின் ஆரிகானில் நடக்கிறது. அதே சேறு, அதே ஈர மரம், பெரிய மூலதனத்தின் வாசலில் கடை போட்டுப் பிழைக்கப் பார்க்கும் இரண்டு சிறு ஆட்கள். இம்முறை அந்த இருவரில் ஒருவர் சீனர். கிங் லூ என்ற பெயரோடு, கனவுகளோடு, வியாபார மூளையோடு படத்தின் நடுவில் நிற்கிறார். ஆல்ட்மன் படத்தில் மதுக்கடை முதலாளி ஷீஹனாக நடித்த ரெனே ஓபர்ஜெனுவா, காக்கையோடு திரியும் முதியவராக அதில் சிறு வேடத்தில் வருகிறார். மெக்கேப்பைப் பார்த்தவர்கள் அடுத்து இதைப் பார்க்க வேண்டும், அதன் பிறகு ஆல்ட்மனிடம் திரும்பி வந்து அந்தச் சீனர் தெருக் காட்சிகளை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.